தம்பி உயரம் கூட்ட ஆபரேஷனுக்குப் போகிறான், ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?

வைகைக்கரை:

என் சித்தப்பா மகன் விஷயமாக ஒரு யோசனை வேண்டும். வயது 27. ஏ.சி. மெக்கானிக். சொந்தக் கடை, கூட ஒரு பையன் வேலைக்கு இருக்கிறான். குடி கிடையாது, கடன் கிடையாது. உயரம் 5 அடி 3 அங்குலம்.

இரண்டு வருடமாகப் பெண் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்திய ஒன்பது இடத்தில் ஏழில் ஒரே பதில்: 'பையன் வளர்த்தி கம்மி.' கடைசியாகப் போன வீட்டில் பெண்ணின் தாய்மாமன், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கணும் என்றார். தம்பி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் நின்றான். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்தபடி வந்து நின்றார். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். தாய்மாமன் மட்டும் 'சரி, உட்காருங்க' என்றார். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஊர் வரும் வரைக்கும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் வந்து சொல்கிறான், கால் எலும்பை வெட்டி நீட்டும் ஆபரேஷனுக்குப் போகிறானாம். ஒரு தனியார் மருத்துவமனையில் 12 லட்சம் கேட்கிறார்கள், 2 அங்குலம் கூடுமாம். கடையை வைத்துக் கடன் வாங்குகிறான். அதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போடலாமா, வேண்டாமா? நேராகச் சொல்லுங்கள்.

தேரடி:

போடாதீர்கள். நல்லா இருக்கிற காலை யாராவது வெட்டுவார்களா?

அறிஞர் அண்ணா எவ்வளவு உயரம்? மேடையில் மைக்கை இறக்கி வைக்க வேண்டியிருக்கும், பேச்சைத் தொடங்கிவிட்டால் கூட்டத்தில் ஒருவர் அசைய மாட்டார். லால் பகதூர் சாஸ்திரி 1965 போரின்போது நாட்டை நடத்தினார், பக்கத்தில் நின்ற தளபதிகள் எல்லாம் அவரைவிட ஒரு தலை உயரம். சச்சின் 165 செ.மீ.தான், கவாஸ்கரும் அவ்வளவுதான். 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும், உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து' என்று வள்ளுவர் சொன்னது தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. தம்பிக்கு இல்லாதது உயரம் இல்லை, தைரியம். அதைக் கொடுங்கள், கையெழுத்தை அல்ல.

நூற்று அறுபத்தெட்டரை:

தேரடி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதிலிருந்து இந்தப் பட்டியலைக் கேட்டே காது புளித்துவிட்டது. அண்ணாவும் சச்சினும் லட்சத்தில் ஒருவர். சாதாரண ஏ.சி. மெக்கானிக் தன்னை மதிக்கச் சொல்ல உலகத்திலேயே சிறந்த பேட்ஸ்மேனாக வேண்டுமா? உயரமாக இருக்கிறவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

குறளையும் கொஞ்சம் நின்று படியுங்கள். எள்ளாதே என்று எழுத வேண்டி வந்தது என்றால் அந்தக் காலத்திலேயே எள்ளியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் குறளைவிட அதிகமாகப் புழங்குவது 'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே'தான். எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அதைச் சொல்லித்தான் என்னை வகுப்புத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்தார். இந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டதற்கும் காரணம் சொல்கிறேன். தமிழ்நாடு போலீஸ் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. எழுத்துத் தேர்வில் பாஸ். உடல் அளவு எடுக்கும் நாள். என் பிரிவுக்கு 170 செ.மீ. வேண்டும். காலையில் படுக்கையிலிருந்து எழும்போது முதுகுத்தண்டு கொஞ்சம் நீண்டிருக்கும், பொழுது போகப் போக ஒரு செ.மீ. அளவுக்குக் குறையும் என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருந்தார். அதனால் வாடகைக் காரின் பின் சீட்டில் படுத்தபடியே மைதானத்துக்குப் போனேன். அங்கே வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். 168.5. அளந்தவர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார், அடுத்தவன் வந்து நின்றான். அவ்வளவுதான்.

ஐ.பி.எஸ். அதிகாரி ஆக ஆணுக்கு 165 போதும். ராணுவத்தில் சிப்பாய் வேலைக்கு நம் பகுதிக்கு 166. அந்த அதிகாரிக்குக் கீழே நிற்கும் கான்ஸ்டபிளுக்கு மட்டும் 170. எல்லையில் சுடுவதற்குப் போதுமான உயரம் ஊரில் லத்தி பிடிக்கப் போதவில்லை. 2016-ல் உலகம் முழுக்க 200 நாடுகளின் உயரத்தைத் தொகுத்த பெரிய ஆய்வு ஒன்று வந்தது. 1996-ல் பிறந்த இந்திய ஆணின் சராசரி அதில் சுமார் 165 செ.மீ. அதாவது நாட்டில் சரிபாதிக்கு மேற்பட்ட ஆண்கள் அளவுகோலைப் பார்த்ததுமே வெளியே. பதினொரு வருடம் ஆகிறது, இப்போது கூட்டுறவு வங்கியில் வேலை. காக்கிச் சட்டையைப் பார்த்தால் இன்னும் ஒரு நிமிடம் நின்றுதான் போகிறேன்.

தைரியம் எனக்கு இருந்தது அண்ணே. ஒன்றரை செ.மீ.தான் இல்லை. வைகைக்கரை, கையெழுத்தைப் போடுங்கள். அவன் பணம், அவன் கால்.

தேரடி:

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் போலீஸ் விதி தப்பு என்றால் விதியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். காலை மாற்றுவது எப்படித் தீர்வாகும்?

கீழவாசல்:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். இதில் பெண்களுக்குப் பங்கில்லையா? திருமணத் தளத்தில் எந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தாலும் '5 அடி 8-க்கு மேல்.' 2025-ல் டிண்டர் செயலியில் காசு கட்டுகிறவர்களுக்கு உயரத்தைத் தேர்வு செய்யும் வசதியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் எடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதினால் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஒரு ஆணை அங்குலக் கணக்கில் கழித்தால் 'அது அவளுடைய விருப்பம்'. எடையையாவது ஆறு மாதம் ஓடிக் குறைக்கலாம். உயரத்தை என்ன செய்வது? இந்தத் தம்பிக்கு ஆபரேஷன் தவிர வேறு என்ன வழி விட்டிருக்கிறார்கள்?

நொய்யல்:

நான் பெண். உயரம் 5 அடி 9. வயது 34. எனக்கு இந்தத் திரியில் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

கீழவாசல் சொல்வதில் பாதி சரி. ஆணின் உயரத்தைக் கேலி செய்தால் யாரும் தடுப்பதில்லை, அது நிஜம். என் தம்பியின் நண்பனை என் வீட்டிலேயே 'குட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள், அவன் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. மீதிப் பாதிக்கு வருகிறேன். பதினான்கு மாப்பிள்ளை வீட்டார் என்னை வேண்டாம் என்றார்கள். 'பொண்ணு பனைமரம் மாதிரி இருக்கா, பையன் பக்கத்துல நின்னா நல்லா இருக்காது.' அதில் மூன்று பேர் என்னைவிட உயரமானவர்கள், ஆனால் ஒரு அங்குலம்தான் உயரம், அது போதாதாம். நான் செருப்புக் கடையில் ஹீல்ஸ் வரிசைப் பக்கம் போனதே இல்லை. கல்லூரிக் காலத்தில் கூன் போட்டு நடந்து நடந்து கழுத்து வலி வந்து, இன்றைக்கும் இருக்கிறது. கேட்டது பெண்கள் மட்டுமா? ஆண் உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் சேர்ந்துதான் என்னை ஓரம் கட்டினார்கள்.

பிரிட்டனில் குழந்தை பெற்ற தம்பதிகளின் உயரத்தை எடுத்து 2013-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். 100-ல் சுமார் 92 ஜோடிகளில் ஆண்தான் உயரம். அதே ஆட்களைக் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் யாருடனும் சேர்த்தாலும் சுமார் 90 வரும் என்று கணக்குப் போட்டார்கள். அதாவது யாரும் கட்டாயப்படுத்தாமலே ஆண் உயரமாக இருக்கும் ஜோடிதான் அதிகம் அமையும். நம் நாட்டுப் பெண்ணின் சராசரி 152, 153 செ.மீ. வைகைக்கரை தம்பி 160. சராசரிப் பெண்ணைவிட மூன்று அங்குலம் உயரம் அவர்! அப்படியும் ஏழு வீட்டில் வேண்டாம் என்றால், ஆண் உயரமாக இருந்தால் போதாது, போட்டோவில் பார்த்ததும் தெரியும் அளவுக்கு இடைவெளி வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தத் தாய்மாமனுக்கு வேண்டியது கல்யாண ஆல்பத்துக்கு ஒரு படம்.

கீழவாசல், உங்களைவிட இரண்டு அங்குலம் உயரமான பெண்ணை நீங்கள் கட்டிக்கொள்வீர்களா? நிஜமாகவே கேட்கிறேன்.

கீழவாசல்:

நேற்றே படித்தேன், இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். என் அம்மாவிடம் அப்படி ஒரு வரன் வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயம். உங்கள் கேள்விக்கு முன்னால் இதை நான் ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை. ஆனால் ஒன்று, என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊர் சொல்லத்தான் செய்யும்.

ஹான்_நதிக்கரை:

தென் கொரியாவில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். கையெழுத்துப் போடச் சொல்கிறவர்கள் இந்த ஊர்க் கதையைக் கேட்க வேண்டும். 2009-ல் இங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கல்லூரி மாணவி '180 செ.மீ.க்குக் குறைந்த ஆண்கள் தோற்றவர்கள்' என்று சொல்லிவிட்டார். நாடே கொதித்தது. ஆனால் கவனியுங்கள், கொரியா கடந்த நூறு ஆண்டில் உயரம் அபாரமாகக் கூடிய நாடு. பெண்கள் மட்டுமே சராசரி 20 செ.மீ. கூடியிருக்கிறார்கள், உலகத்திலேயே அதுதான் அதிகம். ஆண்களும் இன்று 174, 175 வரை வந்துவிட்டார்கள். தாத்தா காலத்தில் 175 என்றால் ஊரே அண்ணாந்து பார்க்கும். பேரனுக்கு அது போதவில்லை, அளவுகோல் 180-க்குப் போய்விட்டது. என் ஆய்வகத்தில் 173 செ.மீ. உள்ள நண்பன் ஷூவுக்குள் 4 செ.மீ. பட்டை வைத்திருக்கிறான், கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதற்காக என்னோடு வர மறுத்தான்.

தம்பி 5 அடி 5 ஆவார். அதே தாய்மாமன் 5 அடி 7 கேட்பார்.

நூற்று அறுபத்தெட்டரை:

நல்ல வாதம்தான் தோழர். ஆனால் 5 அடி 3-க்கு மூடும் கதவுகளில் சில 5 அடி 5-க்குத் திறக்கும். எல்லாம் திறக்காது என்பதற்காகச் சிலதும் வேண்டாம் என்று வசதியான இடத்திலிருந்து சொல்வது எளிது. எனக்கு ஒன்றரை செ.மீ.தான் தேவைப்பட்டது.

ஊன்றுகோல்:

எலும்பு சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகப் பத்தொன்பது வருடம். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இவ்வளவு பேசியும் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

முறை பழையது. ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950-களில் உருவாக்கியது. போரில் கால் நொறுங்கியவர்கள், எலும்பு சேராதவர்கள், பிறவியிலேயே ஒரு கால் குட்டையானவர்கள், இவர்களுக்காக. அவர்களுக்கு இது வரம். போலியோவால் ஒரு கால் குட்டையான ஒருவர் முதல்முறை இரண்டு பாதமும் தரையில் பட நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் சிகிச்சையையே பழிக்க மாட்டேன்.

எலும்பை வெட்டி, வெளியே வளையச் சட்டமோ உள்ளே கம்பியோ வைத்து, ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் பிரிப்பார்கள். அதையும் ஒரே தடவையில் அல்ல, கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். 5 செ.மீ.க்கு நீட்டவே 50 நாள். பிறகு அந்தப் புது எலும்பு இறுக அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு காலம். எலும்பு வளரும், சரி. தசையும் நரம்பும் அதே வேகத்தில் வருமா? வராது. குதிகால் தசைநாண் இழுத்துப் பிடித்து, பாதம் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்பவர்களைத் தினமும் அழ அழ நீவி இறக்கியிருக்கிறேன். கம்பி நுழையும் இடத்தில் சீழ் வைக்கலாம். நரம்பு இழுபட்டுப் பாதம் தூக்க முடியாமல் போகலாம். எலும்பு சேராமல் மறுபடி மேஜைக்குப் போனவர்களும் உண்டு. சீனாவில் அழகுக்காக இதைச் செய்வதை 2006-ல் தடை செய்தார்கள், அவ்வளவு பேருக்குக் கால் கெட்டுப்போனது.

ஆனால் தேரடி சாருக்கும் ஒரு வார்த்தை. வந்தவர்கள் யாரும் அசட்டுப் பையன்கள் இல்லை. ஒருவர் மென்பொருள் மேலாளர். முப்பது பேருக்கு வேலை சொல்கிறவர். குரூப் போட்டோ எடுக்கும் நாளில் விடுப்பு எடுத்துவிடுவாராம், ஒன்பது வருடமாக. 'தைரியமாக இரு' என்று அவரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

தேரடி:

அம்மா, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. இரண்டு நாளாக யோசித்துத்தான் எழுதுகிறேன். முதல் பதிவில் தைரியம் இல்லை என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முகம் தெரியாத ஒரு பையனைப் பற்றி நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்பதில் மாறவில்லை, இப்போது காரணம் வேறு. 2004-ல் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பிரிட்டன், அமெரிக்க ஆண்களின் சம்பளத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டார்கள். உயரமானவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனால் 16 வயதில் எவ்வளவு உயரம் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்ததும், பெரியவர்களான பிறகு இருக்கும் உயரத்துக்குத் தனியாகப் பெரிய பங்கு இல்லாமல் போனது. 16-ல் குட்டையாக இருந்து பிறகு வளர்ந்தவர்களுக்குக்கூடச் சம்பளம் குட்டையானவர்களுக்குப் போலத்தான். விடலைப் பருவத்தில் விளையாட்டிலும் மன்றங்களிலும் ஒதுங்கி நின்றது அப்படியே தங்கிவிட்டது என்று எழுதினார்கள். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசெம்பிளியில் முதல் ஆளாக நின்ற பையன்களை நினைத்துப் பார்த்தேன். நான் முப்பது வருடம் பள்ளி ஆசிரியர். உயர வாரியாக நிறுத்தச் சொல்லி விசில் ஊதியவன் நான்தான். கபடிக்கு ஆள் எடுக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். பட்டப் பெயர் வைத்தபோது நானும் சிரித்திருக்கிறேன். வைகைக்கரை தம்பிக்கு 27-ல் 2 அங்குலம் கொடுத்தால் அந்தப் பதினான்கு வயதுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

நொய்யல்:

சார், இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. என்னை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். வகுப்புப் போட்டோவில் நான் ஆண் பிள்ளைகளோடு நிற்பேன்.

அந்தத் தம்பி:

நான்தான் அந்த 5 அடி 3. அண்ணன் நேற்று ராத்திரி இந்தப் பக்கத்தைக் காட்டினார். என்னைக் கேட்காமல் என் கதையை எழுதிவிட்டாரே என்று முதலில் கோபம் வந்தது. எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு மூன்று விஷயம் சொல்லணும்.

கல்யாணத்துக்காக மட்டும் நான் இதை யோசிக்கவில்லை. புது வீட்டுக்கு ஏ.சி. மாட்டப் போனால் வீட்டுக்காரர் என் கூட வருகிற பையனிடம்தான் பேசுவார். அவன் வயது 19, ஆனால் 5 அடி 10. 'மெக்கானிக் எங்க?' என்று என்னைப் பார்த்தே கேட்டிருக்கிறார்கள். பில் போட்டுக் கொடுக்கும்போதுதான் கடை என்னுடையது என்று தெரியும். தினமும் நடக்கிறது. பெண் வீட்டில் நிற்க வைத்தது ஒரு நாள்தான்.

அப்புறம் அந்தப் பெண். எல்லாரும் தாய்மாமனைப் பேசினீர்கள். பக்கத்தில் வந்து நின்றபோது அவர் கால் விரலைப் பார்த்தேன், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். உயரம் குறைவாகத் தெரியட்டும் என்று எனக்காகச் செய்திருப்பாரோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது வீட்டுக்குள் வழக்கமாகக்கூட இருக்கலாம். தெரியவில்லை.

இன்னொன்று, திருமணத் தளத்தில் அப்பா என் உயரத்தை 5 அடி 6 என்று போட்டிருக்கிறார். அண்ணன் இதை எழுதவில்லை. போகிற இடமெல்லாம் வாசலில் ஏறும்போதே அவர்கள் முகம் மாறுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

168.5 அண்ணன் எனக்காகப் பேசியதற்கு நன்றி. ஊன்றுகோல் அக்காவிடம் ஒன்று கேட்கணும். நான் ஏணியில் ஏறி வேலை செய்கிறவன். அவுட்டோர் யூனிட் 40 கிலோ வரை இருக்கும், சன்ஷேடில் குத்த வைத்து உட்கார்ந்து மாட்டணும். எத்தனை மாதத்தில் பழையபடி ஏறலாம்? மருத்துவமனையில் கேட்டதற்கு மூன்று மாதத்தில் நடக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

ஊன்றுகோல்:

தம்பி, நடப்பது வேறு, ஏணி வேறு. ஊன்றுகோல் வைத்து நடப்பதையும் அவர்கள் நடப்பது என்றுதான் சொல்வார்கள். எல்லாம் நன்றாகப் போனால்கூட எலும்பு முழுதாக இறுகிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டும் வரை பாரம் தூக்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது. நான் பார்த்தவர்களில் குத்த வைத்து உட்கார வந்ததற்குப் பெரும்பாலும் ஒரு வருடம் ஆனது. சிலருக்கு அதற்குப் பிறகும் குதிகால் தரையில் பதியவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் வேறு. உங்களுக்கு வேலையே காலில்தான்.

போனால் நான்கு கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தொடை எலும்பா, முழங்காலுக்குக் கீழா? வெளிச்சட்டமா, உள்கம்பியா? பிசியோதெரபி 12 லட்சத்தில் சேர்த்தியா? எலும்பு சேராவிட்டால் இரண்டாவது ஆபரேஷன் யார் செலவு? பதிலை எழுதி வாங்குங்கள்.

அந்தத் தம்பி:

ஒரு வருடம் என்றால் கடை வாடகை, பையன் சம்பளம், அப்பா மாத்திரை. கடனுக்கு மாதத் தவணை முதல் மாதத்திலிருந்தே கட்டணும். 12 லட்சத்தை மட்டும்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வேண்டாம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சித்திரை, வைகாசி சீசன் முடியட்டும், அந்த நான்கு கேள்வியோடு போய்க் கேட்கிறேன்.

வைகைக்கரை:

தம்பி, கேட்காமல் எழுதியதற்கு மன்னித்துக்கொள். மருத்துவமனைக்கு நானும் வருகிறேன். அதுவரை கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், சித்தப்பாவை உட்கார வைத்து அந்த 5 அடி 6-ஐ மாற்றிவிடலாம்.